பத்தியமா, பழக்கமா?
எடை குறைக்கும் உணவுமுறையின் வரலாறு

மருந்து சாப்பிடும்போது பத்தியம் காக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, தாளிதம் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோயாளியும் முணுமுணுக்காமல் உண்பார். அந்தக் கட்டுப்பாட்டிற்கு ஒரு முடிவு நாள் உண்டு என்பது அவருக்குத் தெரியும். மருந்து நின்றபின் சில நாள் மறுபத்தியம். பிறகு தலைமுழுகிவிட்டுப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

உடல் எடையைக் குறைப்பதற்காக மேற்கொள்ளும் உணவுமுறையையும் நம்மில் பலர் இப்படித்தான் கருதுகிறோம். மூன்று மாதம் சோற்றைக் குறைப்பது, அல்லது அடியோடு விடுவது. எடைக் கருவியின் முள் வேண்டிய இடத்திற்கு வந்ததும் நிறுத்திவிடுவது. அடுத்த தீபாவளிக்குள் இறங்கிய எடை மறுபடியும் ஏறிவிடுகிறது. 'மன உறுதி இல்லாதவர்' என்று சுற்றத்தார் சொல்கிறார்கள். அவரும் அதை நம்பிவிடுகிறார்.

இந்தப் பழி நியாயமானதுதானா? எடை குறைக்கும் உணவுமுறை ஒருவருடைய வாழ்நாள் உணவாக நிலைக்க முடியுமா? இக்கேள்விக்கு விடை காண, வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

ஒரு சொல்லின் கதை

'டயட்' என்று இன்று எல்லோரும் வழங்கும் ஆங்கிலச் சொல் 'டயைட்டா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 'வாழும் முறை' என்பதே அதன் பொருள். பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் உணவு, உடற்பயிற்சி, உறக்கம், நீராடல் ஆகிய அனைத்தையும் அந்த ஒரு சொல்லில் அடக்கினார்கள். காலப்போக்கில் அச்சொல்லின் பொருள் சுருங்கிக்கொண்டே வந்து, இன்று 'சில நாட்களுக்கு வாயைக் கட்டுதல்' என்ற அளவில் நிற்கிறது.

பழைய பொருளில் உணவுமுறையைக் கடைப்பிடித்தவர்களுள் ஒருவர், இத்தாலியில் பதுவா நகரில் வாழ்ந்த அல்விசே கொர்நாரோ என்னும் செல்வர். இளமையில் அளவின்றி உண்டும் குடித்தும் நாற்பது வயதை நெருங்குவதற்குள் உடல் நலிந்தார். அளவோடு உண்டால்தான் பிழைக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். அன்று முதல் நாள் ஒன்றுக்கு 12 அவுன்சு உணவு, 14 அவுன்சு திராட்சை மது என்று வரையறை செய்துகொண்டார். ரொட்டி, முட்டை, இறைச்சி, சாறு எல்லாம் அவர் தட்டில் இருந்தன. அளவு மட்டுமே மாறியது. முதுமையில் உறவினர்கள் வற்புறுத்தியதால் இரண்டையும் இரண்டிரண்டு அவுன்சு கூட்டினார். நோய்வாய்ப்பட்டு மறுபடியும் பழைய அளவுக்கே திரும்பினார். தம் அனுபவத்தை 1558-இல் நூலாக வெளியிட்டார். 1566-இல், எண்பது வயதைக் கடந்த நிலையில் இறந்தார்.

கொர்நாரோவின் நோக்கம் மெலிவதன்று, நலமாக வாழ்வது. எடை குறைப்பதற்காகவே ஓர் உணவுமுறை நாடெங்கும் பரவியதைக் காண நாம் மேலும் முந்நூறு ஆண்டுகள் கடந்து, இலண்டன் மாநகருக்குச் செல்ல வேண்டும்.

காலணியின் கயிற்றைக் கட்ட முடியாத மனிதர்

வில்லியம் பான்டிங் என்பவர் இலண்டனில் வாழ்ந்த வசதியான வணிகர். அரச குடும்பத்தினரின் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் பொறுப்பு அவருடைய குடும்ப நிறுவனத்திடம் இருந்தது. 1862 ஆகஸ்டு மாதத்தில் அவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோகிராம். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் முடியவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது முழங்கால் வலிக்கு அஞ்சிப் பின்புறமாகவே இறங்கினார். தெருவில் நடந்தால் கேலிக்கு ஆளானார்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. மருத்துவர்கள் சொன்னபடி விடியற்காலையில் படகு வலித்தார். தசைகள் வலுப்பெற்றன, கூடவே பசியும் பெருகியது, எடை கூடியது. குதிரைச் சவாரி, நீராவிக் குளியல், கடற்கரை வாசம், மருந்துகள் என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்தார். ஒன்றும் பயன்படவில்லை. இதற்கிடையில் காது மந்தமாகவே, வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவரிடம் சென்றார். (இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி இவருக்கு இரு நூற்றாண்டுகள் முந்தியவர், இருவரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

இந்த ஹார்வி சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரில் கிளாடு பெர்னார்டு என்னும் புகழ் பெற்ற உடலியல் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டிருந்தார். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்பதைப் பெர்னார்டு கண்டறிந்திருந்தார். நீரிழிவில் மாவும் சர்க்கரையும் ஆகாது. கால்நடைகளைக் கொழுக்கவைப்பதற்கும் மாவுத் தீனியே தரப்படுகிறது. அப்படியானால் பருமனுக்கும் மாவுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் அல்லவா? ஹார்வி இவ்வாறு எண்ணினார். காதைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பே செவி மந்தத்திற்குக் காரணம் என்று கருதி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கூடியவரை விட்டுவிடும்படி பான்டிங்கிடம் கூறினார்.

இவற்றை விட்டால் உண்பதற்கு என்ன இருக்கிறது என்று பான்டிங் திகைத்தார். ஆனால் அவருடைய புதிய உணவுப் பட்டியலைப் பார்த்தால் நமக்குத் திகைப்பு வேறு வகையில் ஏற்படும். காலையில் இறைச்சி அல்லது மீன், பாலும் சர்க்கரையும் சேராத தேநீர், சிறு துண்டு வாட்டிய ரொட்டி. பகலில் மீண்டும் மீன், இறைச்சி, உருளைக்கிழங்கு நீங்கலாகக் காய்கறி, இரண்டு மூன்று கிண்ணம் திராட்சை மது. மாலையில் பழமும் தேநீரும். இரவில் மறுபடியும் சிறிது இறைச்சி அல்லது மீன், மது. பட்டினி என்ற பேச்சுக்கே இடமில்லை. (நாள்தோறும் இவ்வளவு மது அருந்துவதை இன்றைய மருத்துவம் ஏற்காது.)

ஓராண்டில் அவருடைய எடை 156 பவுண்டாகக் குறைந்தது. 46 பவுண்டு, அதாவது சுமார் 21 கிலோகிராம் இறங்கியது. இடுப்பளவு 12 அங்குலத்திற்கு மேல் சுருங்கியது. காதும் முன்னைவிட நன்றாகக் கேட்டது. மகிழ்ச்சி தாங்காமல், பொதுமக்களுக்கு எழுதிய கடிதம் போன்ற ஒரு சிறு நூலை 1863-இல் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அது காட்டுத்தீ போலப் பரவியது. பின்பு விற்பனையில் கிடைத்த ஆதாயத்தை அறச் செயல்களுக்குக் கொடுத்துவிட்டார். அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகி, 'எடை குறைத்தல்' என்னும் பொருளில் வழங்கியது. சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் அதற்கு 'பான்டா' என்பதே சொல்! மருத்துவ இதழ்கள் அவரைக் கண்டித்து எழுதின. மருத்துவர் அல்லாத ஒருவர் இதைப் பற்றி எழுதலாமா என்பது அவர்களுடைய மனக்குறை.

நம் கேள்விக்கு முக்கியமானது இனி வருவதுதான். பான்டிங் 1878-இல் தமது 81-ஆம் வயதில் காலமானார். இடைப்பட்ட ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் பழைய பருமன் திரும்பவில்லை. அவ்வப்போது எடை பார்த்துக் குறித்து வைத்தார். சர்க்கரை போன்றவற்றைச் சிறிது சேர்த்தால் எடை எவ்வளவு கூடுகிறது என்று தம்மையே சோதித்துக்கொண்டார்.

ஏன் அவருக்கு அது நிலைத்தது? ஒன்று, அவர் பசியோடு இருக்கவில்லை. இரண்டு, விலக்க வேண்டியவற்றின் பட்டியல் சிறியது. மூன்று, எஞ்சியவை எல்லாம் அவர் வீட்டு மேசையில் எப்போதும் இருந்தவையே. விருந்தினரோடு அமர்ந்து உண்ணத் தடையில்லை. நான்காவது காரணத்தை அவர் எழுதவில்லை, நாம் ஊகிக்கலாம். அவரிடம் பணம் இருந்தது. ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் சர்க்கரை கலந்த தேநீரையும் கொண்டே வயிற்றை நிரப்பிய அக்கால இலண்டன் ஏழைத் தொழிலாளிக்கு, நாளுக்கு மூன்று வேளை இறைச்சி என்பது கனவு. ஓர் உணவுமுறை நிலைப்பதற்கு மனம் மட்டும் போதாது. பையும் இடம் தர வேண்டும்.

கலோரிக் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறிஞர் வில்பர் அட்வாட்டர், உணவுப் பொருள்கள் தரும் ஆற்றலை அளந்து பட்டியலிட்டார். அந்தக் கணக்கை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர். 1918-இல் அவர் வெளியிட்ட நூல் பெரும் விற்பனையை எட்டியது. ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாமல் இத்தனை கலோரி ரொட்டி என்று சொல்லப் பழகுங்கள் என்றார் அவர். எடை குறைந்த பிறகும் இந்தக் கணக்கை விடக்கூடாது என்றும் சொன்னார். வாசகர்கள் முதல் அறிவுரையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதைப் பலர் மறந்தார்கள்.

இதற்குப் பின் புதுப்புது உணவுமுறைகள் தோன்றின. இறங்கிய எடை நிற்கிறதா என்பதை மட்டும் அதிகம் பேர் அளந்து பார்க்கவில்லை. 1959-இல் ஆல்பர்ட் ஸ்டங்கர்டு, மேவிஸ் மக்லாரன்-ஹியூம் ஆகிய இருவர் அதனைச் செய்தனர். நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பருமனுக்காகச் சிகிச்சை பெற வந்த 100 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுள் 20 பவுண்டு இறங்கியவர்கள் 12 பேர். இரண்டு ஆண்டு கழித்து அந்த இறக்கத்தைக் காத்து நின்றவர்கள் இருவர் மட்டுமே!

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மன உறுதி இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

உடல் நடத்தும் எதிர்ப்பு

விடையின் ஒரு பகுதி அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 1944-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரினால் பட்டினியில் வாடும் மக்களுக்கு மறுபடி எப்படி உணவூட்டுவது என்று அறிவதே நோக்கம். மனச்சான்றின் காரணமாகப் போரிட மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதி அளவே தரப்பட்டது. வாரத்திற்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

குறைந்தது எடை மட்டுமன்று. இதயத் துடிப்பு தளர்ந்தது. கை கால் குளிர்ந்தது. உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் வெகுவாக இறங்கியது. உணவைத் தவிர வேறு நினைவே இல்லை. சிலர் சமையல் நூல்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள்! கட்டுப்பாடு நீங்கியதும் அளவின்றி உண்டார்கள். வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்கவில்லை. உடலின் கொழுப்பு முன்பிருந்த அளவையும் தாண்டியது. இவர்கள் பருமனானவர்கள் அல்லர், நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஆயினும் எடை இறங்கும்போது உடல் எவ்வாறு எதிர்க்கிறது என்பதை இச்சோதனை தெளிவாகக் காட்டியது.

எதிர்ப்பின் இரகசியம் பின்னர் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டுபிடித்தனர். கொழுப்புத் திசுக்களிலிருந்து புறப்பட்டு, 'கையிருப்பு போதுமான அளவு உள்ளது' என்று மூளைக்குச் செய்தி சொல்வது இதன் வேலை. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்ளும். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கிரெலின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். இரைப்பையில் சுரக்கும் இது பசியைத் தூண்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 10 வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டிற்குப் பின் ஓராண்டு கழிந்தும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசி மிகுந்தே இருந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரைப் பற்றிய ஆய்வு 2016-இல் வந்தது. 30 வாரத்தில் அவர்கள் சராசரியாக 58 கிலோகிராம் குறைந்தார்கள். ஆறு ஆண்டுகளில் அதில் 41 கிலோகிராம் திரும்பிவிட்டது. அப்போதும் அவர்களுடைய உடல், அந்த எடைக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. எடை திரும்பியவரைப் பழிக்கும் முன் இந்த எண்ணை எண்ணிப் பாருங்கள்.

எந்த முறை சிறந்தது?

பான்டிங் காட்டிய வழி மறையவில்லை. 1972-இல் ராபர்ட் அட்கின்ஸ் அதே போன்ற மாவு குறைந்த உணவுமுறையை வெளியிட்டார். பேலியோ, கீட்டோ என்று இன்று நீங்கள் கேள்விப்படுபவையும் மாவைக் குறைப்பவையே. கொழுப்பைக் குறைப்பதே சிறந்தது என்று கூறுவோர் மறுபக்கம். இரு சாராரின் வழக்கும் ஆய்வு மேடைக்கு வந்தது.

2005-இல் அமெரிக்காவில் 160 பேரிடம் நான்கு புகழ் பெற்ற உணவுமுறைகளைச் சோதித்தனர். ஓராண்டு முடிவில் ஒவ்வொன்றிலும் சராசரி இறக்கம் 2 முதல் 3 கிலோகிராம் அளவே. எந்த முறை என்பதைவிட, எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார் என்பதே எடையைத் தீர்மானித்தது. 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேர் கலந்துகொண்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் ஓராண்டில் சராசரி 5.3 கிலோகிராமும், மாவைக் குறைத்தவர்கள் 6 கிலோகிராமும் இறங்கினார்கள். புள்ளியியல்படி இதனைப் பெரிய வேற்றுமையாகக் கொள்ள முடியாது. ஆகவே கடைசிவரை எந்த உணவோடு வாழ முடியுமோ அதுவே ஒருவருக்கு ஏற்ற உணவு எனலாம்.

நிலைத்தவர்கள்

நிலைநிறுத்தியவர்களும் உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த ஜீன் நைடெச் என்னும் இல்லத்தரசி 214 பவுண்டு எடையுடன் அரசு நலத்துறையின் மருத்துவ நிலையத்திற்குச் சென்றார். அங்கே தந்த உணவுப் பட்டியல் நல்லதுதான். தனியாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. 1961-இல் ஆறு தோழியரைத் தம் வீட்டிற்கு அழைத்து, வாரந்தோறும் மனம் விட்டுப் பேசிக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கினார். 72 பவுண்டு குறைந்தார். அந்தச் சிறு கூட்டமே பின்னர் உலகளாவிய நிறுவனமாக வளர்ந்தது. மேலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2015-இல் மறைந்தார்.

1994-இல் அமெரிக்காவில், எடை குறைந்து அதைக் காத்துவருவோருக்கென ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. குறைந்தது 30 பவுண்டு இறங்கி ஓராண்டாவது காத்தவர்களே அதில் சேரலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள்; நான்கில் மூவர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள்; பெரும்பாலோர் காலை உணவைத் தவிர்ப்பதில்லை. வெற்றி பெற்றவர்களிடம் மட்டுமே திரட்டிய செய்தி இது. ஆகவே இப்பழக்கங்களே வெற்றியைத் தந்தன என்று அறுதியிட்டுக் கூற இயலாது.

அதைவிட உறுதியான சான்று, நீரிழிவு உள்ள 5,145 பேரைக் கொண்டு 2001-இல் தொடங்கிய ஆய்வு. உணவு, உடற்பயிற்சி, இடைவிடாத ஆலோசனை மூன்றையும் பெற்ற குழுவினர் முதலாண்டில் எடையில் 8 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தார்கள். எட்டாம் ஆண்டில் சராசரி இறக்கம் 4.7 விழுக்காடாகச் சுருங்கியது. ஆயினும் அவர்களில் பாதிப் பேர், 5 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட இறக்கத்தைக் காத்து நின்றார்கள். துணை நின்றால் உடலின் எதிர்ப்பையும் மீறி ஓரளவு நிலைக்கும் என்பதே இதன் பாடம்.

அண்மையில் வந்துள்ள மருந்துகளும் இதையே சொல்கின்றன. செமாகுளூடைடு என்னும் மருந்தை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டது என்று 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. உணவானாலும் மருந்தானாலும் நிறுத்தினால் பயனும் நின்றுவிடுகிறது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே யாராவது ஓர் உணவுமுறையைப் பரிந்துரைத்தால், 'எத்தனை நாளில் எத்தனை கிலோ?' என்று மட்டும் கேட்காதீர்கள். இதே உணவை அடுத்த பொங்கலுக்கும் அதற்கடுத்த பொங்கலுக்கும் என்னால் உண்ண முடியுமா? வீட்டில் மற்றவர்களும் இதையே உண்ணலாமா, அல்லது எனக்கென்று தனி உலை வைக்க வேண்டுமா? மாதக் கடைசியிலும் இதற்குப் பணம் இருக்குமா? கல்யாண விருந்தில் ஒரு வேளை தவறினால் மறுநாள் திரும்பிவர இதில் வழி உண்டா? இக்கேள்விகளுக்கு 'ஆம்' என்னும் விடை வராத முறை, எவ்வளவு விரைவாக எடையை இறக்கினாலும் வெறும் பத்தியமே.

சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பொரியலை ஒரு கரண்டி கூட்டுவது, பருப்பும் சுண்டலும் முட்டையும் மீனும் இயன்ற வரை சேர்ப்பது, காப்பியில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைப்பது, நாள்தோறும் நடப்பது போன்ற மாற்றங்கள் வியப்பூட்டுவன அல்ல. எடையை விரைந்து இறக்குவனவும் அல்ல. ஆனால் நீடிக்கக் கூடியவை. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவைத் திடீரென மாற்றக் கூடாது. சர்க்கரையோ அழுத்தமோ அபாயமாக இறங்கிவிடலாம். வளரும் பிள்ளைகளும் கருவுற்ற தாய்மாரும் தாமாகவே இதில் இறங்கக் கூடாது.

எடை குறைக்கும் உணவு வாழ்நாள் உணவாக நிலைக்க முடியுமா என்று கேட்டோம். முடியும், ஆனால் முடிவு நாள் குறிக்காத உணவாக அது முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். பத்துக் கிலோ இறங்கிப் பத்துக் கிலோ ஏறுவதைவிட, நான்கு கிலோ இறங்கி அங்கேயே நிற்பது மேல். அப்படி நின்றவரை 'இவ்வளவுதானா?' என்று ஏளனம் செய்யாதீர்கள். ஒவ்வொரு நாளும் தம் உடலின் எதிர்ப்பை அவர் அமைதியாகச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்.